கப்பலில் இருக்கும் மகனுக்குக் கரையில் இருக்கும் அம்மா என்ன சொல்லலாம்?

பாம்பனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஜிபி ரேட்டிங் என்ற கப்பல் பணியாளர் படிப்பு முடித்து, நான்கு மாதம் முன்பு ஒரு சரக்குக் கப்பலில் டெக் டிரெய்னியாக, அதாவது மேல்தளத்தில் வேலை பழகுபவனாக, ஏறியிருக்கிறான். முதல் மாதம் தினமும் பேசியவன், இப்போது வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, "நல்லா இருக்கேம்மா, டூட்டி இருக்கு, வைக்கிறேன்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறான். விசைப்படகில் போகும் அப்பா, "கடலுக்குப் போனவன் அப்படித்தான் இருப்பான், விடு" என்கிறார். இவருக்கு மனசு கேட்கவில்லை. தினமும் பேசச் சொல்லலாமா, வீட்டில் நடக்கும் நல்லது கெட்டதைச் சொல்லலாமா, பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு என்று சொல்லலாமா என்று கேட்கிறார். எனக்குப் படுவது, உண்மையான கேள்வி இரண்டு. பிள்ளை நிஜமாகவே நன்றாக இருக்கிறானா? இனிமேல் நான் அவனுக்கு எதற்காவது உதவுவேனா? இவற்றோடு, "வேலைக்காக ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனும் இருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அது சின்ன விஷயம் இல்லை. பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

நான் கீழக்கரைப் பக்கத்துக்காரன். சரக்குக் கப்பல்களில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக ஏறி, கேப்டனுக்கு அடுத்த சீஃப் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். டெக்கில் வேலை பார்க்கும் டிரெய்னிகள் என் பொறுப்பில்தான் இருப்பார்கள். வீட்டுக்குப் போன் பேசிவிட்டு மெஸ் ரூமுக்குள் வரும் பிள்ளைகளின் முகத்தைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மனநல மருத்துவன் அல்ல. உங்கள் மகனை நேரில் பார்க்காமல் அவன் மனசு இப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்வது சரியாகாது.

தங்கச்சி, முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. நீங்கள் கடலுக்குப் புதியவர் இல்லை. வீட்டுக்காரர் படகேறிய ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடப்பதும், மறுநாள் காலை படகு கரை பிடித்ததும் மூச்சு விடுவதும் உங்களுக்குப் பழக்கம். காற்று திரும்பினாலோ, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினாலோ வயிற்றைப் பிசையும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் நடந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பயம் ஒரு ராத்திரிக்குப் பழகிய பயம். விடிந்தால் ஒரு பதில் கிடைத்துவிடும். மகனுடைய ஒப்பந்தமோ பெரும்பாலும் எட்டு, ஒன்பது மாதம். அத்தனை நாளும் அதே ஒரு ராத்திரிப் பயத்தோடு இருந்தால் உங்கள் உடம்பு தாங்காது. அவன் ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும் "படகு வந்துவிட்டதா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கும் ஆளாவான். அப்பா சொல்வதும் பாதிதான் சரி. விசைப்படகில் கூட இருப்பவர்கள் ஊர்க்காரர்கள், மாமன் மச்சான். இவன் கப்பலில் இருபது பேர் இருக்கலாம், அதில் ஒருவர்கூடத் தமிழ் தெரிந்தவராக இல்லாமலும் இருக்கலாம்.

போன் ஏன் குறைந்தது என்பதற்குக் கப்பல் பக்கத்தில் சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. ஏறிய முதல் மாதம் எல்லாரும் நிறையப் பேசுவார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து வேலை உடம்பில் ஏறும். காலையில் துருச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, சரக்கு வைக்கும் ஹோல்டைக் கழுவுவது, நடுவில் வாட்ச் என்ற முறைக்காவல். துறைமுகம் வந்துவிட்டால் ஓய்வுதானே என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் துறைமுகத்தில்தான் வேலை அதிகம். கயிறு கட்டும் வேலை முடிந்த கையோடு ஆறு மணி நேரம் கப்பலில் ஏறும் படியான கேங்வேயில் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி காவல் என்று போகும். இரும்புத்தாது ஏற்றும் பெரிய துறைமுகங்களில் ஒன்றிரண்டு நாளிலேயே கப்பலை நிரப்பி அனுப்பிவிடுவார்கள், கரையில் கால் வைக்க நேரம் இருக்காது. நேரக் கணக்கு வேறு. கப்பல் மேற்கே போகப் போக, ஏறக்குறைய 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். போன வாரம் நீங்கள் பேசிய அதே ராத்திரி எட்டு மணி, இந்த வாரம் அவனுக்கு மத்தியான வேலை நேரமாக இருக்கலாம்.

இணையம் கப்பலுக்குக் கப்பல் மாறும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எம்எல்சி 2006 என்பார்கள், அதில் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முடிந்த அளவுக்குக் கப்பலில் பணியாளர்களுக்கு இணைய வசதி தர வேண்டும் என்கிறது அது. முடிந்த அளவு என்பதை ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறது. சிலதில் வீடியோ கால் வரும், சிலதில் மாதத்துக்கு இத்தனை எம்பி என்று அளந்து தருவார்கள். பிரேசிலிலிருந்து சீனாவுக்கு ஒரே ஓட்டம் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் கரையே தெரியாது. அந்த டேட்டாவை அவன் எண்ணி எண்ணித்தான் செலவழிப்பான்.

கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பை உங்கள் போனில் யாராவது போட்டுக் கொடுத்திருந்தால், ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனையோ தாய்மார்கள் இதனால் ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார்கள். இலவச ஆப்கள் பெரும்பாலும் கரையில் இருக்கும் ஏஐஎஸ் வாங்கிகளை நம்பியவை. ஏஐஎஸ் என்பது கப்பல் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி. கரையிலிருந்து 40, 50 கடல் மைல் தாண்டினால் அந்தச் சிக்னல் பொதுவாக எட்டாது. நடுக்கடலில் வரும் சிக்னலைச் செயற்கைக்கோள் பிடிக்கும், அதைக் காட்ட ஆப்காரர்கள் காசு கேட்பார்கள். அதனால் புள்ளி ஒரே இடத்தில் நாள் கணக்கில் நின்றாலோ, காணாமல் போனாலோ கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள் இல்லை. ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பும் பகுதிகளில் கப்பல் தரைமேல் ஏறி நிற்பது போலக்கூடக் காட்டும். ஆபத்தான கடல் பகுதிகளில் கேப்டனே பாதுகாப்புக்காக ஏஐஎஸ்ஸை அணைத்து வைப்பதும் உண்டு. ஆப்பைப் பார்க்கலாம், ஆனால் புள்ளி நின்றுவிட்டது என்று மகனுக்குப் பத்து மெசேஜ் அனுப்ப வேண்டாம். இணையம் வந்ததும் அந்தப் பத்தும் ஒன்றாகப் போய் விழும்.

அப்புறம், என்ன பேசுவது. நான் கேடட்டாக இருந்த காலத்தில் கடிதம்தான். துறைமுகத்துக்குத் துறைமுகம் கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட் கொண்டுவரும் தபால் கட்டுக்குள் அம்மாவின் கடிதங்கள் மூன்று நான்கு ஒன்றாக வரும், முன்பின் மாறி. அதனால் அம்மா ஒவ்வொன்றின் மூலையிலும் நம்பர் போட்டுவிடுவார். நான் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்றாகப் பிரிப்பேன். அதில் உபதேசம் இருக்காது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கறுப்பு. கச்சான் காற்று அடித்து வாசல் பந்தல் சாய்ந்தது, மாமா வந்து கட்டிக் கொடுத்தார். நெத்திலி இந்த வருடம் விலை இறங்கிக் கிடக்கிறது. இவ்வளவுதான் இருக்கும். படித்து முடித்தால் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வரும். நீங்களும் அப்படிச் செய்யலாம். தினமும் போன் கேட்காதீர்கள், தினமும் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், ஒரு நிமிடம் போதும். தடைக்காலம் முடிந்து வலை ஏற்றியது, அப்பாவுக்கு என்ன மீன் பட்டது, தங்கச்சி பரீட்சை எழுதியது என்று சொல்லுங்கள். பதில் கேட்காத பேச்சு அவனுக்குச் சுமையாக இருக்காது. வாட்ச் முடிந்து கட்டிலில் சாய்ந்து, காதில் வைத்துக் கேட்டுக்கொள்வான்.

அவன் கூப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது, "டூட்டி முடிஞ்சு வந்தியா, இனிமேதான் போறியா?" என்பது. போகப்போகிறான் என்றால் கலகலப்பாக இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுங்கள். அழுதுவிட்டு கயிறு பிடிக்கப் போகும் பையனின் கவனம் கயிற்றில் இருக்காது. கப்பல் கட்டும் கயிறு இழுவிசையில் அறுந்து திரும்பினால் ஆளையே முடித்துவிடும். முடிந்து வந்தவன் என்றால் நிதானமாகப் பேசலாம். "நல்லா இருக்கியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்வான். "இன்னைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினே? யாரோட உக்காந்து சாப்பிட்டே? சமையல்காரர் எந்த ஊர்?" என்று கேளுங்கள். தூக்கமும் துணையும் சரியாக இருந்தால் மற்றது மெல்ல மெல்லச் சரியாகும் என்பதுதான் நான் பார்த்தது. தூக்கத்துக்குச் சட்டமே இருக்கிறது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். தாளில் ஒன்று எழுதி, வேலை வேறு வாங்கும் கப்பல்களும் இருக்கின்றன. உங்கள் மகன் கப்பல் எந்த ரகம் என்பது அவன் வாயால்தான் தெரிய வேண்டும்.

அவன் ஒருநாள், டெக் ஆட்களின் மேஸ்திரியான போசனைப் பற்றி, "போசன் திட்டுறார்மா, ஒண்ணும் பிடிக்கலை" என்று வாய் திறந்தால், அந்த நிமிடம் மிக முக்கியமானது. அழுதாலோ, "ஐயோ, அப்பவே சொன்னேனே" என்றாலோ, அடுத்த தடவையிலிருந்து "நல்லா இருக்கேம்மா" மட்டும்தான் வரும். அம்மாவைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வான். என்னுடன் இருந்த பிள்ளைகளில் வீட்டோடு பேச்சைக் குறைத்தவர்கள் பலர், பாசம் குறைந்து குறைக்கவில்லை. பேசி முடித்த பிறகு அம்மாவைத் தேற்றத் தெம்பில்லாமல் குறைத்தார்கள். அதனால் அவன் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் சொல்லுங்கள். அழ வேண்டும் என்றால் போனை வைத்த பிறகு அழலாம், அதில் தப்பே இல்லை. வேர்க்காட்டுச் சந்தியாகப்பருக்கு நேர்ந்துகொண்டிருந்தால் அதை அவனிடம் சொல்லலாம். யாரோ நமக்காக வேண்டிக்கொள்கிறார்கள் என்பது நடுக்கடலில் எவ்வளவு பெரிய தெம்பு என்று அனுபவித்தவனுக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு சாவோ பெரிய நோயோ என்றால் மறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. யாராவது ஒரு பையன் ஸ்டேட்டஸில் கண்ணீர் அஞ்சலிப் படம் போட்டுவிடுவான். அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் அதன் பிறகு வீட்டிலிருந்து வரும் எந்த "எல்லாரும் சௌக்கியம்" என்பதையும் நம்பமாட்டான். ஆனால் எப்படிச் சொல்வது என்பதற்கு முறை உண்டு. பெரிய செய்தியாக இருந்தால் கம்பெனி அலுவலகத்துக்குச் சொல்லி, கேப்டன் வழியாகச் சொல்லச் சொல்லுங்கள். கேப்டன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார், வாட்ச்சிலிருந்து விடுவிப்பார், பக்கத்தில் ஒரு ஆளை இருக்க வைப்பார். நானே சில பிள்ளைகளுடன் அப்படி இருந்திருக்கிறேன். அடக்கத்துக்கு வர முடியுமா என்பது கப்பல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, பல சமயம் முடியாது. அந்தப் பாரத்தையும் சேர்த்து, "உன்னால வர முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும்யா" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டுவது என்று வந்தால், வேலையைப் பற்றி நீங்கள் அவனுக்குச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது உயிர் காக்கும். மீன் அழுகிக் கிடக்கும் கிடங்குக்குள் யோசிக்காமல் இறங்கியவர்கள் விஷவாயுவில் மயங்கிச் செத்ததை நம் கரையில் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பெரிய கப்பலிலும் அதே ஆபத்து இருக்கிறது. மூடிக் கிடக்கும் டாங்கில் துருவே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரி, மரக்கட்டை ஏற்றிய ஹோல்டிலும் அப்படித்தான். வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டியது உள்ளே பாதியாகக் குறைந்திருந்தாலும் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. ஒருவன் விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்றக் குதித்த இரண்டாவது ஆளும் சாவது இதில்தான். "காத்தை மீட்டர் வச்சுச் சோதிச்சுக் காட்டாம எந்த டாங்குக்குள்ளயும் இறங்காதே, யார் விழுந்து கிடந்தாலும் ஆளைக் கூப்பிடு, நீ குதிக்காதே" என்று மாதம் ஒரு தடவை சொல்லுங்கள். பயிற்சியில் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அம்மா குரலில் கேட்டது அவசரத்தில் முதலில் நினைவுக்கு வரும் என்று நான் நம்புகிறேன்.

இனி அந்த ஏஜெண்ட் விஷயம். கப்பலில் வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்குவது எம்எல்சி விதிப்படியும் இந்திய விதிப்படியும் தவறு. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி என்ற கடலோடி அடையாளப் புத்தகம் மாதிரியான செலவுகள்தான் அவன் கையிலிருந்து போகலாம். பயிற்சிக் கல்லூரிக்குக் கட்டிய கட்டணம் வேறு. வேலைக்கென்றே லட்சக்கணக்கில் வாங்கியிருந்தால், அந்த ஏஜெண்டுக்கு மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் தரும் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள் சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. மகனிடம் கப்பலின் பெயர், அதன் அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண், கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தின் படம், சிடிசியில் கப்பலில் ஏறியதற்கு சைன் ஆன் போட்ட பக்கத்தின் படம் எல்லாம் கேட்டு வாங்கி உங்கள் போனிலும் இன்னொரு ஆளிடமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி அவன் கையில் இருந்தே ஆக வேண்டும், இல்லை என்றால் அதுவே எச்சரிக்கைதான். சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்றும் கேளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காமல் இருந்தாலே, கடலோடியைக் கைவிட்டதாகக் கணக்கில் எடுக்கும் விதி இருக்கிறது. அதற்கான காப்பீட்டுச் சான்றைக் கப்பலில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து ஊர் திரும்பும் செலவும், நான்கு மாதம் வரையான சம்பளப் பாக்கியும் கிடைக்கும்.

கடனைப் பற்றி மகனிடம் பேசும்போது கவனமாக இருங்கள். "வட்டிக்காரன் வந்துட்டுப் போனான்" என்று ஒவ்வொரு போனிலும் கேட்ட பையன் கை வீங்கினாலும் சொல்லாமல் வேலை பார்ப்பான், மனசு உடைந்தாலும் ஒப்பந்தத்தை நீட்டிப்பான். கணக்கை மறைக்க வேண்டாம். மாதம் எவ்வளவு அனுப்ப முடியும், எத்தனை மாதத்தில் அடையும் என்று ஒரு தடவை உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, அந்தப் பேச்சை மூடிவிடுங்கள்.

வந்துவிடு என்று சொல்லலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வேலை கஷ்டம், ஊர் நினைவு, போசன் கோபக்காரர் என்பவை மட்டும் காரணமாக இருந்தால், ஒப்பந்தத்தை முடித்துவிட்டு இறங்குவது அவனுக்கு நல்லது. அந்தப் பணிக்காலம், வாட்ச் நிற்கத் தகுதி தரும் வாட்ச்கீப்பிங் சான்றிதழுக்குக் கணக்கில் வரும். அதன் பிறகு இந்த வேலையே வேண்டாம் என்றால் அது அவன் முடிவு, நீங்கள் மறுக்க வேண்டாம். நடுவில் இறங்கினால் பயணச் செலவை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உடம்பு முடியாமல் இறங்கினால் செலவு கம்பெனியுடையது. அடிக்கிறார்கள், தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்கள், உயிருக்கு ஆபத்தான வேலையைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று அவன் சொன்னால் பொறுத்துப்போகச் சொல்லவே சொல்லாதீர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் கரையில் டிபிஏ என்று ஒரு பொறுப்பாளர் உண்டு, கம்பெனியின் மேலிடத்தோடு நேராகப் பேசக்கூடியவர். அவர் பெயரும் எண்ணும் கப்பலில் ஒட்டியிருக்கும். அதை இன்றே மகனிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக் குறைந்தது மட்டும் அபாயக் குறி என்று நான் சொல்லமாட்டேன். பல நாள் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் உட்காருவதில்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டும். "நான் இல்லாட்டி என்ன ஆகும்" என்பது மாதிரி ஒரு வார்த்தை வந்தால் காத்திருக்கக் கூடாது. "செத்துடணும்னு தோணுதாய்யா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உடனே டிபிஏவுக்குப் போன் செய்யுங்கள், ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும். கடலோடிகளுக்காக ஐஸ்வான் அமைப்பு நடத்தும் சீஃபேரர்ஹெல்ப் உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், குடும்பத்தாரும் பேசலாம். உங்களுக்கே பாரம் தாங்கவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம்.

இந்த வாரம் அவன் கூப்பிடும்போது கப்பலின் ஐஎம்ஓ எண், ஒப்பந்தத்தின் படம், டிபிஏ எண் இந்த மூன்றையும் வாங்கிவிடுங்கள். அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேளுங்கள். உரிமப் பட்டியலில் ஏஜெண்டின் பெயர் இல்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், பெயர் போட வேண்டாம். யாருக்கு எப்படிப் புகார் எழுதுவது என்று சொல்கிறேன்.